ஒன்பதரைக் கிலோ

என்னைத் தனியாகப் பறக்க விடாமல் நிறுத்தி வைத்திருந்தது ஒன்பதரைக் கிலோ.

கிளைடரின் முன்னிருக்கையில் உட்கார்ந்தால் முழங்காலுக்கு எதிரே ஒரு சின்ன அலுமினியத் தகடு தெரியும். தனியாகப் பறப்பவர் பாராசூட்டோடு சேர்த்துக் குறைந்தது எழுபது கிலோ இருக்க வேண்டும் என்று அதில் பொறித்திருக்கும். நான் நாற்பத்து மூன்றரை. பாராசூட் ஏழு. எடை குறைந்தவர்களுக்காகப் பயிற்சி மையத்தில் வைத்திருந்த இரண்டு எடைத் தகடுகள், ஐந்தைந்து கிலோ. மொத்தம் அறுபதரை. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் அறுபதரைதான்.

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். நீளமான இறக்கை, ஒல்லியான உடம்பு, ஒரே ஒரு சக்கரம். மூக்குப் பக்கம் எடை குறைந்தால் அது அண்ணாந்துகொள்ளும், அப்புறம் சொன்ன பேச்சைக் கேட்காது. பின்னிருக்கையில் பயிற்சியாளர் இருக்கும்வரை அவர் எடை கொஞ்சம் ஈடுகட்டியது. அவர் இறங்கிவிட்டால் மூக்கைக் கீழே பிடித்துவைக்க நான் ஒருத்திதான்.

"பறக்கறதுக்கு மொதல்ல கனமாவணுமா? எந்த ஊரு நியாயம்டி இது?" என்றாள் அம்மா.

எங்கள் வீடு பூரணாங்குப்பத்தில். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, மதகடிப்பட்டுப் பக்கம் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். அளப்பது, எடைபோடுவது, குறிப்பது, கையெழுத்துப் போடுவது: என் வேலை இந்த நான்கும்தான். எனக்கு அது பிடிக்கும். அதற்கு அடுத்தபடி பிடித்தது விமானம். இல்லை, வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

கைப்பேசியில் விமானங்களைக் காட்டும் செயலி ஒன்று வைத்திருந்தேன். மாலையில் கடற்கரையில் அம்மாவோடு உட்கார்ந்திருக்கும்போது தலைக்கு மேல் வெள்ளைக் கோடு போனால், எங்கிருந்து எங்கே, எந்த வகை, எத்தனை அடி உயரம் என்று சொல்லுவேன். "அதுல ஒனக்குத் தெரிஞ்சவுங்க யாரு கீறாங்க?" என்று கேட்பாள். யாருமில்லை என்பேன். "அப்புறம் இன்னாத்துக்கு வழியனுப்பற மாதிரி பாத்துகினு இருக்கற?"

ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் போகும்போது, கரும்புக் காட்டுக்கு மேல் ஒரு வெள்ளை இறக்கை சத்தமே இல்லாமல் திரும்பியது. செயலியில் தேடினேன், அதில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதகடிப்பட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். யாரோ எப்போதோ போட்டுக் கைவிட்ட ஓடுபாதை. ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரே ஒரு இரட்டை இருக்கைக் கிளைடர். பாதையின் மறுகோடியில் லாரி எஞ்சினோடு ஒரு பெரிய கம்பி உருளை. அதுதான் வின்ச். கிணற்றில் வாளியை இழுப்பது போல, ஒரு கிலோமீட்டர் கம்பியை விறுவிறுவென்று சுற்றி அது கிளைடரை இழுக்கும். பட்டம் ஏறுவது போல விமானம் ஏறும்.

பயிற்சியாளர் நாற்பது வயதுப் பெண். வாரநாளில் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. என்னை ஏற இறங்கப் பார்த்து, "எவ்ளோ எடை?" என்றுதான் முதலில் கேட்டார். பேர் கேட்டது அதற்கப்புறம்.

முதல் பறப்பைப் பற்றி அன்றிரவே குறிப்பேட்டில் எழுத உட்கார்ந்தேன். ஒன்று, கம்பி இறுகும்போது வயிறும் இறுகுகிறது. இரண்டு, தரை போய்விடுகிறது. மூன்று, வானம் தவிர எதுவும் தெரியவில்லை, முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்கிறது. நான்கு, மஞ்சள் குமிழை இழுத்ததும் டொக் என்று கம்பி விழுகிறது. ஐந்து என்று எண் போட்டுவிட்டு அப்படியே வைத்திருந்தேன். கம்பி விழுந்த பிறகு வந்த அந்த அமைதிக்கு என்ன எழுதுவது? காற்று உஸ்ஸென்று கண்ணாடியைத் தடவிக்கொண்டு போனது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து பயிற்சியாளர் மேடம், "சிரிக்கறது செரி, ஸ்டிக்க புடி" என்றார். ஐந்தாவது எண் இன்றைக்கும் காலியாகவே இருக்கிறது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அங்கேதான். இறக்கையைத் துடைப்பேன், கம்பியை இழுத்து வருவேன், என் முறை வந்தால் பறப்பேன். ஒருமுறை அம்மா பார்க்க வந்தாள். கண்ணாடிக்கு வெளியே நடுவில் ஒட்டியிருந்த சிவப்புக் கம்பளி நூலைத் தொட்டுப் பார்த்தாள். விமானம் நேராகப் போகிறதா, பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று அந்த நூல் பறக்கிற திசைதான் காட்டும் என்றேன். "இம்மாம் பெரிய மிஷினு, நூல நம்பி ஓடுதா?" என்று வின்ச் ஓட்டும் அண்ணனிடம் கேட்டாள். அவர், "நூலாவது பொய் சொல்லாதும்மா, மீட்டரு சொல்லும்" என்றார்.

சித்திரை பிறந்தபோது மேடம் என்னைத் தனியாக அனுப்பத் தயார் என்றார். தயாராக இல்லாதது என் எடைதான். வைகாசி நடுவில் கிளைடர் வருடாந்திரப் பரிசோதனைக்கு லாரியில் ஏறி வெளியூர் போகும். திரும்பி வர மழைக்காலம் முடிந்துவிடும். அதற்குள் முடியவில்லை என்றால், தை வரை காத்திருக்க வேண்டும். கை பழக்கம் விட்டுப்போகும், எல்லாவற்றையும் முதலிலிருந்து மேடத்துக்குச் செய்து காட்ட வேண்டும்.

"ஆறு வாரம் கீது. சாப்புடு," என்றார் மேடம். "இல்லன்னா அசையாத எடை எதையாவது கொண்டா."

முதலில் சாப்பிட்டேன். வீட்டில் அதை ஒரு திருவிழாவாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. "மீன் இல்லாத மாசத்துல எடைய ஏத்துன்னா எப்பிடிடி ஏத்தறது?" என்று புலம்பிக்கொண்டே அம்மா முட்டையும் கருவாடும் கோழியுமாக வைத்தாள். காலையில் இரண்டு வாழைப்பழம், இரவில் இன்னும் இரண்டு. ஒவ்வொரு வெள்ளியும் தொழிற்சாலை எடைமேடையில் ஏறி நின்று எழுதிவைத்தேன். மூன்று வாரத்தில் ஒரு கிலோ இருநூறு கிராம் ஏறியது. அதே மூன்று வாரத்தில் அம்மா இரண்டரைக் கிலோ ஏறியிருந்தாள்.

மீதி எட்டு கிலோ முந்நூறு.

அன்று சாயங்காலம் அப்பா வாசலில் வலையைப் பரப்பிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வலையின் அடிக்கயிறு நெடுக ஈயக்குண்டுகள். வலையைத் தண்ணீருக்குள் இழுத்து நிமிர்த்தி நிறுத்துவது அவைதான். நான் குண்டுகளைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா?"

"அப்பா, ஒரு குண்டு எவ்ளோ எடை?"

"அத எவன் போட்டுப் பாத்தான்?" என்றார். ஆனால் கேள்வி எதற்கென்று புரிந்துவிட்டது. இழை கிழிந்த பழைய வலை ஒன்றை எடுத்து அதிலிருந்து குண்டுகளை உருவ ஆரம்பித்தார்.

மறுநாள் அந்தக் குண்டுகளை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். வாசல் காவலர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கினார்.

"இன்னாம்மா இது?"

"ஈயம்ணே. எடை."

"எதுக்கு எடை?"

"எனக்குத்தான்."

அவர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பதிவேட்டில் 'சொந்த எடை' என்று எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். சாப்பாட்டு இடைவேளையில், துல்லியம் சரிபார்த்த தராசில் இருபது இருபதாகப் போட்டு நிறுத்தேன். குண்டுக்குக் குண்டு எடை வேறு. பெரியது, சின்னது, கடலில் தேய்ந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு குண்டுகள் சேர்ந்ததும் எட்டு கிலோ முந்நூற்று நாற்பது. நாற்பது கிராம் எனக்கு லாபம்.

என் பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி அம்மா பையாகத் தைத்தாள். குண்டுகள் உருளாமல் இருக்க குறுக்கே குறுக்கே தையல் ஓட்டினாள். அதை இருக்கைக்கு முன்னால் தகடுகள் உட்காரும் சட்டத்தோடு சேர்த்துக் கட்ட அப்பா நைலான் கயிறு எடுத்து வைத்தார். நான் பட்டியல் போட்டேன். பையின் எடை, நீளம், அகலம், தையல் இடைவெளி, கயிற்றின் தடிமன், ஸ்டிக்கின் அசைவுக்கும் பைக்கும் நடுவில் விட வேண்டிய இடம். மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டிலும் சரி போட்டாயிற்று.

கிளைடர் லாரி ஏறுவதற்கு முந்தைய ஞாயிறு. அப்பா என்னோடு வந்தார், நல்ல சட்டை போட்டுக்கொண்டு. காலையில் மேடத்தோடு இரண்டு சோதனைப் பறப்பு முடித்தேன். இரண்டாவதில் இறங்கியதும் அவர் பின்னிருக்கையிலிருந்து எழுந்து வந்து, "ஒன் ஈயத்தக் கட்டு" என்றார். பையைத் தூக்கி வந்து சட்டத்தோடு சேர்த்து வைத்தேன்.

அப்பா கட்டினார். சட்டத்தைச் சுற்றி மூன்று சுற்று, மேலே ஒரு முடிச்சு. மேடம் குனிந்து பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த கயிற்று நுனியைப் பிடித்து ஒரே ஒரு இழு இழுத்தார்.

முடிச்சு பூப்போல அவிழ்ந்தது. எட்டு கிலோ ஈயமும் சரிந்து வந்து ஸ்டிக்கின் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

மேடம் ஸ்டிக்கை அசைத்துக் காட்டினார். மூக்கைத் தாழ்த்த அது முன்னால் போக வேண்டும், போகவில்லை. ஆயிரம் அடியில் அது முன்னால் போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

"ஒன் பட்டியல்ல முடிச்சு இருக்கா?" என்றார்.

இல்லை. பன்னிரண்டில் அது இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற முடிச்சு அது. எங்கள் ஊரில் கனமான எதைக் கட்டினாலும் அந்த முடிச்சுதான். வலை பாறையில் மாட்டினால், நுனியை ஒரு இழு இழுத்தால் பாரம் கழன்று படகு பிழைக்கும். அப்படி ஒரு முடிச்சைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலையில் யாராவது இப்படி விட்டிருந்தால் நான் நிராகரித்துச் சிவப்புச் சீட்டு ஒட்டியிருப்பேன்.

"அண்ணே, அவுராத முடிச்சாப் போடுங்க," என்றார் மேடம்.

அப்பா கயிற்றைக் கீழே வைத்துவிட்டார். "போட மாட்டேன்மா."

"ஏன்?"

"ஆளு குந்தற எடத்துல அவுக்க முடியாத முடிச்ச நான் போட்டதில்ல. எங்க அப்பனும் போட்டதில்ல. கால் மாட்டுனா ஆளையும் இஸ்துகினு போயிடும்."

"இது கடல் இல்லண்ணே."

"அதான் பயமாக்கீது. கடலா இருந்தா நீஞ்சிடுவா."

வின்ச் அண்ணன் சிரிப்பை அடக்க இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பதினொன்றே கால். பன்னிரண்டரை, ஒரு மணிக்குள் கடற்காற்று அங்கே வந்து சேரும். வந்துவிட்டால் திசை மாறும், வின்ச்சையும் கம்பியையும் மறுகோடிக்கு மாற்ற வேண்டும். அதற்குள் அன்றைய நாள் முடிந்துவிடும். அப்பாவைத் தாண்டி நானே கட்டியிருக்கலாம். அவிழவே அவிழாத சாவு முடிச்சு எனக்குப் போடத் தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்னால் கயிற்றை எடுக்க முடியவில்லை.

மேடம் கிளைடரின் விளிம்பில் உட்கார்ந்தார். காப்பீடு விற்கிற குரலில், மெதுவாகப் பேசினார்.

"அண்ணே, இத ஒங்க பொண்ணு மேல கட்டல. விமானத்து மேலதான் கட்றோம். ஏதாவது ஆச்சுன்னு வையுங்க, இந்தக் கண்ணாடியத் தள்ளிட்டு, பெல்ட்ட அவுத்துட்டு, அவ பாராசூட்டோட தனியா குதிச்சிடுவா. பெல்ட்டு ஒரு திருகு திருகுனா அவுந்துடும். பாருங்க."

அப்பா பெல்ட்டைத் தானே பூட்டி, தானே திருகிப் பார்த்தார். நான்கு முறை.

"அப்ப அவ தனியா வந்துடுவா."

"வந்துடுவா."

"ஈயம் விமானத்தோட போயிடும்."

"போயிடும்ணே."

"விமானம் ஒங்களுது."

"ஆமாண்ணே, எங்களுது."

"அப்பச் செரி," என்று அப்பா கயிற்றை எடுத்தார்.

அவர் போட்ட முடிச்சை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பல்லால் கடித்து இறுக்கினார். வின்ச் அண்ணன் நீளமான போல்ட்டு இரண்டு தேடி எடுத்து வந்தார். பைக்கு மேல் தகடுகளை வைத்து நட்டுப் போட்டு இறுக்கினோம். மேடம் இழுத்தார், வின்ச் அண்ணன் காலால் உதைத்தார், நான் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. என் பட்டியலில் பதின்மூன்றாவதாக 'முடிச்சு' என்று எழுதிச் சரி போட்டேன். பேனா அழுத்தியதில் தாள் கிழிந்தது.

உட்கார்ந்தேன். பின்னால் யாருமில்லை. பின்னிருக்கை பெல்ட்டுகளை ஒன்றோடொன்று பூட்டி வைத்திருந்தார்கள். கட்டுப்பாடுகள், பெல்ட்டு, அளவிகள், ஏர்பிரேக், கண்ணாடி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தொட்டேன். மேடம் எட்டிப் பார்த்தார்.

"ஒரு சுத்து. ஏறு, சுத்து, எறங்கு. பருந்து கூப்புடுதுன்னு பின்னாடி போவாத."

"செரி மேடம்."

கம்பி இறுகியது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு யாரும் சொல்லாதது. மேடத்தின் எடை இல்லாத கிளைடர் வேறு ஒரு மிருகம். எழும்பவில்லை, தாவியது. முதுகை இருக்கையில் வைத்து அழுத்திக்கொண்டு வானத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. மஞ்சள் குமிழை இழுத்தேன். டொக். உயரமானியைப் பார்த்தேன். வழக்கத்தைவிட இருநூறு அடி கூடுதல்.

"ஏய்!" என்று கத்தினேன். யாரை என்று தெரியாது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். உண்மையிலேயே யாரும் இல்லை. மறுபடியும் கத்தினேன்.

கீழே அறுத்த வயலும் கரும்பும் கட்டம் கட்டமாகக் கிடந்தன. தெற்கே பாகூர் ஏரி, பாதி தண்ணீர், பாதி வெடித்த சேறு. கிழக்கே கடைசியில் மங்கலாக ஒரு நீலக் கீற்று, அது கடல். கம்பளி நூல் நேராக இருந்தது. நான் பாடினேன். என்ன பாட்டு என்று கேட்காதீர்கள், அதில் சொல்லே கிடையாது.

வலது பக்கம் மூன்று பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அருகில் போனதும் இடுப்புக்குக் கீழே யாரோ உந்தித் தூக்குவது போல இருந்தது. பருந்துகள் சுற்றும் இடத்தில் சூடான காற்று மேலே போகும், அதில் சுற்றினால் கிளைடரும் ஏறும். மேலேறுவதைக் காட்டும் மீட்டர் முள் துள்ளியது. வலது கை திரும்பச் சொன்னது. ஒரு சுற்று என்று மேடம் சொன்னது காதில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போனேன். இலையில் பரிமாறியதைத் தொடாமல் எழுந்து வருவது போல இருந்தது.

திரும்பினேன், உயரத்தைக் குறைக்க ஏர்பிரேக்கைத் திறந்தேன், பாதை நீண்டு வந்து சக்கரத்தைத் தொட்டது. ஒரு சின்னக் குதி. நின்றது. இறக்கை மெல்லச் சாய்ந்து புல்லில் படுத்தது.

அப்பாதான் முதலில் ஓடி வந்தார். கண்ணாடியைத் திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து முடிச்சைப் பார்த்தார். அப்புறம்தான் என் தலையில் கை வைத்தார். "ஏன் பாப்பா கத்துன? இங்க வரைக்கும் கேட்டுது," என்றார். கேட்டிருக்க முடியாது. ஆனால் நான் மறுக்கவில்லை.

மேடம் மெதுவாக நடந்து வந்தார். "அந்தப் பருந்துங்க பக்கத்துல போனப்ப முள்ளு எவ்ளோ காட்டுச்சு?"

"நாலு மேடம். நாலுக்கு மேல."

"அப்புறம் ஏன் திரும்பல?"

"நீங்கதான் ஒரு சுத்துன்னு சொன்னீங்க."

"சொன்னேன்." கிழக்கே பார்த்தார். கொட்டகை மேல் கட்டியிருந்த துணி இன்னும் மேற்குக் காற்றில்தான் ஆடிக்கொண்டிருந்தது. கையை மேலே தூக்கி வின்ச் அண்ணனுக்குச் சைகை காட்டினார். "இப்ப எதுவும் சொல்லல. போ."

மறுபடியும் கம்பி, வானம், டொக். இந்த முறை பருந்துகள் ஐந்து. போய்ச் சேர்ந்ததும் அந்த உந்துதல் வந்தது. வலது கையைத் திரும்ப விட்டேன். இறக்கை சாய்ந்தது, பூமி சாய்ந்தது, பாகூர் ஏரி என் தோளுக்குக் கீழே வந்து நின்று மெல்லச் சுழன்றது. ஒரு பருந்து எனக்கு நேர் எதிரே, அதே வட்டத்தில், அதே சாய்வில் வந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. இறக்கையை அசைக்கவில்லை. நானும்தான். ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து எண்ணூறு. எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல அவை பழசாகிக்கொண்டே வந்தன.

ரேடியோ கரகரத்தது. "எவ்ளோ உயரம்?"

"ரெண்டாயிரத்து நூறு மேடம். இல்ல, எரநூறு."

"எறங்கற யோசன எதாச்சும் கீதா?"

"இன்னும் ரெண்டே ரெண்டு சுத்து மேடம்."

ரேடியோ பொத்தானை விடாமலே அவர் அப்பாவிடம் சொல்வது கேட்டது. "அண்ணே, ஒக்காருங்க. இவ இப்ப வர மாட்டா."